ஐந்து வீடுகளும் ஒரு பெண்ணும்: 'ஜேன் எயர்' நாவலில் இடம் பேசும் விதம்

எங்கள் பகுதியில் இரண்டு பெண்கள் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்டால், பெயரைக் கேட்பதற்கு முன்பே "நீங்கள் எந்த இடம்?" என்று கேட்பது வழக்கம். ஒரு காலத்தில் இக்கேள்விக்கு ஊரின் பெயரை ஒரே சொல்லில் சொல்லிவிட முடிந்தது. யுத்தம் அந்த ஒரு சொல்லை ஒரு பட்டியலாக மாற்றிவிட்டது. பிறந்த இடம், வாழ்க்கைப்பட்ட இடம், இடம்பெயர்ந்து தங்கிய இடங்கள், முகாம், மீள்குடியேறிய இடம் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. பெண்களின் விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பது எனது வேலையின் ஒரு பகுதி. அப்படிவங்களில் 'நிரந்தர முகவரி' என்ற கட்டத்தை நிரப்புவதற்குத்தான் அதிக நேரம் எடுக்கிறது.

ஒரு பெண்ணின் வாழ்க்கையை அவள் வாழ்ந்த இடங்களின் பட்டியலாகவே சொல்லிவிடுகிற ஓர் ஆங்கில நாவல் இருக்கிறது. 1847ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் இலண்டனில் வெளிவந்த 'ஜேன் எயர்' என்ற அந்த நாவலைப் பாடசாலை நாட்களில் சுருக்கப் பதிப்பாகப் படித்தேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்ற காலத்தில் முழுமையாகப் படித்தேன். பின்னர் தையற் பயிற்சிக்கு வரும் பெண்களின் வாசிப்பு வட்டத்தில், சில வாரங்களாக அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் சொல்லியும் இருக்கிறேன். அப்போது அவர்கள் கேட்ட கேள்விகள் பல, காதலைப் பற்றியவை அல்ல. "அந்த வீட்டுத் திறப்பு ஆரிட்ட இருந்தது?", "அவள் படுத்தது எங்க?" என்பன போன்றவை. அந்தக் கேள்விகளின் வழியே இந்நாவலை உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

நூலாசிரியை

இதை எழுதியவர் சார்லொட் புரொண்டி. 1816இல் வட இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியில் ஒரு மதகுருவின் மகளாகப் பிறந்தவர். ஐந்து வயதில் தாயை இழந்தார். 1824இல் கோவன் பிறிட்ஜ் என்ற இடத்தில் இருந்த, மதகுருமாரின் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையில் சேர்க்கப்பட்டார். அங்கே அவரது மூத்த சகோதரிகள் மரியாவும் எலிசபெத்தும் நோயுற்றனர். வீட்டிற்கு அழைத்து வரப்பட்ட இருவரும் 1825இல், பதினொரு வயதிலும் பத்து வயதிலும், காசநோயால் இறந்தார்கள். வளர்ந்தபின் சார்லொட் வசதியான வீடுகளில் தங்கியிருந்து பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வீட்டு ஆசிரியையாக வேலை செய்தார்.

1846 ஓகஸ்ட் மாதம், தகப்பனின் கண் சத்திரசிகிச்சைக்காக மான்செஸ்ரர் நகரில் ஒரு வாடகை இடத்தில் தங்கியிருந்த நாட்களில் இந்நாவலை எழுதத் தொடங்கினார். இருட்டறையில் கண்கள் கட்டப்பட்டுக் கிடந்த தகப்பனுக்குத் துணையாக இருந்துகொண்டுதான் எழுத்து ஆரம்பமாயிற்று. பெண் எழுதியது என்று தெரிந்தால் நூலை மட்டமாக எடைபோடுவார்கள் என்பதால் 'கறர் பெல்' என்ற புனைபெயரில் வெளியிட்டார்.

'ஆளாகுதல்' என்பது என்ன?

ஒரு பிள்ளை வளர்ந்து தன்னை அறிந்து ஆளாகும் கதையைச் சொல்லும் நாவல் ஒரு தனி வகையாகவே மதிக்கப்படுகிறது. ஜேர்மன் மொழியில் தோன்றிய இவ்வகையின் தொடக்க நூல்களில் பெரும்பாலும் கதாநாயகன் ஓர் இளைஞன். அவன் வீட்டை விட்டுப் புறப்படுவான், நகரங்களைக் காண்பான், மனிதர்களைச் சந்திப்பான், இறுதியில் உலகில் தனக்கென்று ஓரிடத்தைப் பிடிப்பான்.

எமது பேச்சு வழக்கையே எடுத்துக்கொள்வோம். "அவன் ஆளாகிவிட்டான்" என்றால் சொந்தக் காலில் நிற்கிறான் என்று பொருள். "அவள் பெரியபிள்ளையாகிவிட்டாள்" என்றால் பொருள் வேறு. ஆண் ஆளாகும்போது அவன் போகக்கூடிய இடங்கள் விரிகின்றன. பெண் பெரியபிள்ளையாகும்போது நேற்றுவரை ஓடித்திரிந்த ஒழுங்கையும் குளக்கட்டும் அவளுக்கு இல்லாமல் போகின்றன. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலும், சடங்குகள் வேறாக இருந்தாலும், நிலைமை ஏறக்குறைய இதுதான். பணமில்லாத ஒரு பெண்ணுக்கு அங்கே இருந்த இடங்கள் மிகச் சில. உறவினர் வீடு, விடுதிப் பாடசாலை, வேலை செய்யும் வீடு, கணவன் வீடு. ஆகவே சார்லொட் ஒரு பெண் ஆளாகும் கதையை எழுதியபோது, அது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டிற்குப் போகும் கதையாகவே அமைந்தது.

அந்த ஐந்து இடங்களின் பெயர்களையும் கவனமாக வைத்திருக்கிறார். முதலாவது கேற்ஸ்ஹெட், அதில் 'கேற்', அதாவது வாசல், இருக்கிறது. இரண்டாவது லோவூட், தாழ்ந்த காடு. மூன்றாவது தோண்பீல்ட், முள்வயல். நான்காவது மாஷ் எண்ட் என்றும் மூர் ஹவுஸ் என்றும் இரு பெயர் கொண்டது. சதுப்பின் எல்லை, மேட்டுவெளி வீடு எனலாம். ஐந்தாவது பேர்ண்டீன், பன்னச்செடிகளின் பள்ளத்தாக்கு.

கேற்ஸ்ஹெட்: யன்னலும் பூட்டிய அறையும்

ஜேனுக்கு அப்போது பத்து வயது. தாய் தகப்பன் இருவரும் இல்லை. தாய்மாமன் வீட்டில் வளர்கிறாள். மாமனும் இறந்துவிட்டார். சாகும்போது அவர் கேட்டுக்கொண்டார் என்பதற்காக மாமி அவளை வைத்திருக்கிறாள். "மாமியெண்டு ஒராள் இருந்தும் இல்லாத மாதிரித்தான்" என்று எங்கள் வட்டத்தில் ஓர் அம்மா சொன்னார். நாவலின் முதற் பகுதிக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் தேவையில்லை.

கதை தொடங்குவது குளிர்ந்த மழை பெய்யும் ஒரு நவம்பர் பிற்பகலில். மாமியும் அவளது மூன்று பிள்ளைகளும் நெருப்பருகே கூடியிருக்கிறார்கள். அந்த வட்டத்தில் ஜேனுக்கு இடமில்லை. அவள் பக்கத்து அறையில் யன்னல் இருக்கையில் ஏறி, சிவப்புத் திரையை இழுத்து மூடிக்கொண்டு, பறவைகளைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றைப் பார்க்கிறாள். ஒருபுறம் திரை, மறுபுறம் கண்ணாடி. வீட்டுக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அந்த வீட்டில் அவளுடைய நிலை என்ன என்பதை ஆசிரியை தனியாக விளக்கவில்லை. அவள் உட்கார்ந்திருக்கும் இடமே அதைச் சொல்லிவிடுகிறது.

பதினான்கு வயது மச்சான் ஜோன் அவளைக் கண்டுபிடிக்கிறான். புத்தகங்கள் தன் வீட்டுக்குச் சொந்தமானவை என்றும் அவள் அண்டிப் பிழைப்பவள் என்றும் சொல்லி, அந்தப் புத்தகத்தாலேயே எறிகிறான். தலையில் இரத்தம் வருகிறது. அவள் திருப்பித் தாக்குகிறாள். தண்டனை அவளுக்குத்தான் கிடைக்கிறது. மாமன் இறந்த 'சிவப்பு அறை'யில் வைத்துப் பூட்டுகிறார்கள். சிவப்புத் திரைகள் தொங்கும் பெரிய கட்டில், எப்போதும் மூடியிருக்கும் யன்னல்கள், ஒரு பெரிய நிலைக்கண்ணாடி. அக்கண்ணாடியில் தெரியும் தன் உருவமே அவளுக்கு ஓர் ஆவி போலத் தோன்றுகிறது. பயத்தில் கத்துகிறாள். மாமி கதவைத் திறந்துவிட்டு மறுபடியும் பூட்டுகிறாள். பிள்ளை மயங்கி விழுகிறாள்.

யன்னல், பூட்டு, கண்ணாடி, நெருப்பு ஆகிய நான்கையும் நினைவில் வைத்திருங்கள். நாவல் முழுவதும் இவை மீண்டும் மீண்டும் வருகின்றன.

லோவூட்: மதில், கஞ்சி, காய்ச்சல்

ஜனவரி மாதத்து ஒரு நாள், விடிவதற்கு முன், பத்து வயதுப் பிள்ளை தனியாகக் குதிரை வண்டியில் ஏற்றப்படுகிறாள். ஐம்பது மைல் தொலைவில் லோவூட் விடுதிப் பாடசாலை. உயர்ந்த மதில்கள் வெளியுலகை மறைக்கின்றன. காலையில் முகம் கழுவும் தண்ணீர் உறைந்து கிடக்கிறது. முதல்நாள் காலை கொடுத்த கஞ்சி அடிப்பிடித்து வாயில் வைக்க முடியாததாக இருக்கிறது. ஞாயிறுகளில் போதிய உடுப்பின்றி இரண்டு மைல் நடந்து தேவாலயத்திற்குப் போகவேண்டும். நிர்வாகி புறொக்கிள்ஹேர்ஸ்ற் என்பவர் பிள்ளைகளின் உடலை ஒறுத்தால் ஆன்மா காக்கப்படும் என்று போதிக்கிறார். சுருட்டை முடியைக்கூட வெட்டச் சொல்கிறார். அதே நேரத்தில் அவருடைய மனைவியும் மகள்மாரும் பட்டும் வெல்வெட்டும் உரோம ஆடையும் அணிந்து உள்ளே வருகிறார்கள்.

தானம் கொடுப்பவர்களுக்கும் பெறுபவர்களுக்கும் இடையிலான உறவை இவ்வளவு கூர்மையாக எழுதிய பகுதிகள் குறைவு. உதவி வழங்கும் துறையில் வேலை செய்யும் என்னைப் போன்றவர்கள் இந்த அத்தியாயத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் படிக்கவேண்டும் என்பது என் எண்ணம். நிவாரணம் வரிசையில் நின்று வாங்கப்படுவது. ஆனால் அதை வாங்குபவரைத் தலை குனிய வைக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

பாடசாலை அமைந்திருந்தது பனிமூட்டம் தேங்கும் ஒரு காட்டுப் பள்ளத்தில். இளவேனில் வந்து பூக்கள் மலரும்போது தைபஸ் காய்ச்சலும் வருகிறது. எண்பது பிள்ளைகளில் நாற்பத்தைந்து பேர் ஒரே நேரத்தில் படுக்கையில் விழுகிறார்கள். அரைப்பட்டினியும் கவனியாது விட்ட தடிமனும் அவர்களை ஏற்கெனவே பலவீனப்படுத்தியிருந்தன. இங்கே இடம் வெறும் பின்னணி அல்ல. ஈரமான நிலம், மோசமான தண்ணீர், போதாத சாப்பாடு ஆகியனவே பிள்ளைகளைக் கொல்கின்றன. நெருக்கமான முகாம்களில் அம்மையும் வயிற்றோட்டமும் பரவியதைக் கண்ட எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. ஜேனின் சிநேகிதி ஹெலன் பேர்ண்ஸ் காசநோயால், ஜேனின் அணைப்பிலேயே இறக்கிறாள். சார்லொட் தன் அக்கா மரியாவை நினைத்தே ஹெலனைப் படைத்தார்.

ஆனால் லோவூட் முழுவதும் இருள் அல்ல. காய்ச்சலுக்குப் பிறகு விசாரணை நடக்கிறது, நல்ல இடத்தில் புதிய கட்டடம் எழுகிறது. மிஸ் ரெம்பிள் என்ற அன்பான ஆசிரியையின் அறையில் ஜேனுக்குத் தேநீரும் மரியாதையும் கிடைக்கின்றன. ஆறு வருடம் மாணவியாகவும் இரண்டு வருடம் ஆசிரியையாகவும் அங்கேயே இருக்கிறாள். மிஸ் ரெம்பிள் திருமணமாகிப் போன நாளில், ஜேன் யன்னலைத் திறந்து பார்க்கிறாள். தொலைவில் மலைகள், இரண்டு மலைகளுக்கு இடையில் மறைந்து போகும் ஒரு வெள்ளைப் பாதை. கேற்ஸ்ஹெட்டில் யன்னல் ஒளிந்துகொள்ளும் இடமாக இருந்தது. லோவூட்டில் அதே யன்னல் புறப்படுவதற்கான இடமாகிறது. பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்பதை ஆசிரியை இப்படித்தான் காட்டுகிறார்.

தோண்பீல்ட்: மூன்றாம் மாடியின் இரு பெண்கள்

பத்திரிகையில் தானே விளம்பரம் கொடுத்து, வருடத்துக்கு 30 பவுண் சம்பளத்தில் தோண்பீல்ட் மாளிகைக்கு வீட்டு ஆசிரியையாகப் போகிறாள். லோவூட்டில் பெற்றதைப்போல் இரண்டு மடங்கு. வீட்டு ஆசிரியையின் இடம் விசித்திரமானது. அவள் வேலைக்காரர்களோடு குசினியில் இருக்க முடியாது. விருந்தினரோடு சரிசமமாகவும் இருக்க முடியாது. விருந்து நடக்கும்போது ஜேன் மறுபடியும் யன்னல் திரைக்கு அருகில்தான் இருக்கிறாள்.

மனம் அமைதியற்றுப் போகும்போதெல்லாம் அவள் மூன்றாம் மாடிக்கு ஏறி நடைகூடத்தில் உலாவுவாள். சிலவேளை கூரைக்கும் ஏறி அடிவானத்தைப் பார்ப்பாள். பெண்களுக்கும் ஆண்களைப் போலவே உணர்ச்சியும் திறமையும் உண்டு, அவற்றைப் பயன்படுத்த அவர்களுக்கும் களம் வேண்டும் என்ற கருத்தை அவள் எண்ணிப் பார்ப்பது இந்த இடத்தில்தான். அதே நடைகூடத்தில்தான் அவளுக்கு ஒரு விபரீதமான சிரிப்பும் கேட்கிறது. யார் என்று கேட்டால் ஒரு வேலைக்காரியின் பெயரைச் சொல்லிச் சமாளிக்கிறார்கள்.

வீட்டின் எசமான் றொச்செஸ்ரர் அவளை விரும்புகிறான். தோட்டத்தில் ஒரு பெரிய கஸ்கொட்டை மரத்தின் கீழ் திருமணம் பேசப்படுகிறது. அன்றிரவே இடி விழுந்து அந்த மரம் இரண்டாகப் பிளக்கிறது. ஆனால் அடிமரமும் வேரும் பிரியவில்லை. வரப்போகும் பிரிவையும், அதற்குப் பின்னும் அறாத உறவையும் மரம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

திருமண நாளில் தேவாலயத்தில் உண்மை வெளிவருகிறது. றொச்செஸ்ரருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. யமேக்காத் தீவிலிருந்து 30,000 பவுண் சீதனத்தோடு வந்த பேர்தா என்ற பெண். மனநோயாளி என்று சொல்லி, மூன்றாம் மாடியில் யன்னல் இல்லாத ஓர் அறையில் பல வருடங்களாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறாள். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி மனநோய் விவாகரத்துக்குக் காரணமாகாது. 1937இல்தான் அது சட்டத்தில் சேர்க்கப்பட்டது.

இப்போது சிவப்பு அறையை நினைத்துப் பாருங்கள். கோபப்பட்ட ஒரு சிறுமி பூட்டப்பட்டாள். பத்து வயது ஜேனுக்கு நடந்ததுதான் பெரிய அளவில் பேர்தாவுக்கும் நடக்கிறது. இந்த இடத்தில் எங்கள் வட்டத்தில் ஒரு பெண், "அப்ப அவளின்ர கதையை ஆர் சொல்லுறது, அக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இலக்கிய உலகிலும் எழுந்தது. கரீபியன் தீவான டொமினிக்காவில் பிறந்த ஜீன் றீஸ் என்ற எழுத்தாளர், 1966இல் 'வைட் சர்காஸோ சீ' என்ற நாவலில் பூட்டப்பட்ட பெண்ணின் கதையை எழுதினார். அதில் அவளுக்கு ஓர் ஊர் இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, அன்ரொனெற் என்ற பெயரும் இருக்கிறது. கணவன்தான் அதை மாற்றி பேர்தா என்று அழைக்கிறான். ஒரு பெண்ணை அவள் வளர்ந்த இடத்திலிருந்து பிடுங்கி, பெயரையும் மாற்றி, குளிர்ந்த ஒரு மேல்மாடியில் வைத்தால் அவளது மனம் என்னவாகும் என்று அந்நாவல் கேட்கிறது. ஜேனுக்குத் திறக்கும் வெளி பேர்தாவுக்கு மூடப்பட்டிருப்பதையும் நாம் பார்க்கவேண்டும். இங்கிலாந்து மாளிகைகள் பலவற்றின் செல்வத்துக்குப் பின்னால் கரீபியன் தோட்டங்களின் அடிமை உழைப்பு இருந்தது என்பதும் இவ்விடத்தில் மறக்கக்கூடாதது.

நாற்சந்தி: இடமே இல்லாத இடம்

றொச்செஸ்ரர் தன்னோடு வெளிநாட்டில் வாழும்படி கெஞ்சுகிறான். உனக்கென்று கவலைப்பட யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறான். யாருமில்லாததால்தான் தன் மதிப்பைத் தானே காக்கவேண்டும் என்பது ஜேனின் முடிவு. விடியுமுன் புறப்படுகிறாள். கையிலிருந்த 20 சிலிங்குக்கு வண்டி எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் போய் இறங்குகிறாள். உடுப்புப் பொதியை வண்டியிலேயே மறந்துவிடுகிறாள்.

இறங்கிய இடத்தின் பெயர் விற்குறொஸ். அது ஊரல்ல. நான்கு பாதைகள் சந்திக்கும் வெளியில் வெள்ளை பூசிய ஒரு கற்றூண் மட்டுமே. மிகக் கிட்டிய ஊர் பத்து மைல் தூரத்தில். இரண்டு இரவுகள் வெளியில் படுக்கிறாள். முதல் இரவு காய்ந்த புல்வெளி, நட்சத்திரங்கள். இயற்கை ஒரு தாயைப்போல அவளை ஏற்கிறது. இரண்டாம் இரவு ஈரம், பசி. கழுத்துத் துண்டையும் கையுறையையும் கொடுத்துப் பாண் கேட்கிறாள், கடைக்காரி மறுக்கிறாள். பன்றிக்குப் போடவிருந்த ஆறிய கஞ்சியை ஒரு சிறுமியிடம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். இந்தப் பகுதியைச் சொன்ன அன்று எங்கள் வட்டத்தில் வழக்கமான பேச்சு எழவில்லை. சிறிது நேரத்துக்குப் பிறகு ஒருவர், "ஒரு படலையும் திறக்கேல்லையோ?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு விடயங்களை இங்கே கவனிக்கவேண்டும். வறுமை ஒருவரை உயர்த்தும் என்றெல்லாம் சார்லொட் எழுதவில்லை. பசியில் வெட்கம் எப்படி இருக்கும் என்பதை உள்ளபடி எழுதினார். மற்றது, இந்த நாற்சந்தியை நாவலின் நடுவிலே வைக்காமல், மாளிகைக்கு அடுத்ததாக வைத்தார். எசமானின் வீட்டில் மணப்பெண்ணாக இருந்தவளுக்கும் தெருவில் நிற்பவளுக்கும் இடையிலான தூரம் இரண்டு நாள் வண்டிப் பயணம் மட்டுமே. சொந்தமாக ஒன்றும் இல்லாத பெண்ணுக்கு எந்த மாளிகையும் நிரந்தர முகவரி அல்ல.

மூர் ஹவுஸ்: ஒரு கொட்டில் வீடும் ஒரு 'இல்லை'யும்

இருளில் தெரிந்த ஒரு வெளிச்சத்தை நோக்கி நடந்து, ஒரு வீட்டு வாசற்படியில் விழுகிறாள். முதலில் வேலைக்காரக் கிழவி கதவைச் சாத்துகிறாள். பின்னர் வீட்டுக்காரர் வந்து உள்ளே எடுக்கிறார். சென்ஜோன் என்ற மதகுருவும் டயானா, மேரி என்ற சகோதரிகளும். பின்னர்தான் தெரிகிறது, அவர்கள் ஜேனின் தகப்பனுடைய சகோதரியின் பிள்ளைகள் என்று. எமது முறையில் மச்சானும் மச்சாள்மாரும்.

உடல் தேறியதும் கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கான சிறு பாடசாலையில் ஆசிரியை வேலை கிடைக்கிறது. வந்த 20 பிள்ளைகளில் மூவருக்கு மட்டுமே வாசிக்கத் தெரியும். தங்குவதற்கு வெள்ளையடித்த சுவரும் மணல் தூவிய நிலமும் நான்கு கதிரைகளும் ஒரு மேசையும் கொண்ட சின்ன வீடு. நாவலில் ஜேன் தனியாக, தன் உழைப்பில் வாழும் வீடு இது ஒன்றுதான். முதல்நாள் மாலை அவளுக்கு அழுகையும் வருகிறது. ஆனால் ஒரு பணக்காரனின் சொகுசு வீட்டில் அடிமையாக இருப்பதா, இந்தக் குடிசையில் ஆசிரியையாக இருப்பதா என்று தன்னையே கேட்டு, இதுவே மேல் என்று முடிவு செய்கிறாள்.

தகப்பனின் சகோதரர் ஒருவர் 20,000 பவுண் முதுசம் விட்டுச் சென்ற செய்தி வருகிறது. அவள் அதை நான்காகப் பிரித்து, உறவினர் மூவருக்கும் தலா 5,000 கொடுக்கிறாள். பிறகு மூர் ஹவுஸைத் தன் கையாலேயே கூட்டித் துடைத்து, மச்சாள்மாரின் வருகைக்கு ஆயத்தம் செய்கிறாள். முன்பு வாசற்படியில் விழுந்து கிடந்தவள் இப்போது வாசலில் நின்று மற்றவர்களை வரவேற்கிறாள்.

ஆனால் சென்ஜோன் இந்தியாவுக்கு மிஷனரியாகப் போவதற்காக, அன்பில்லாமல், கடமைக்காகத் தன்னை மணக்கும்படி வற்புறுத்துகிறான். உதவி செய்தவன், இரத்த உறவு, கடவுளின் பெயரால் கேட்பவன். இவனுக்கு 'இல்லை' சொல்வது றொச்செஸ்ரருக்குச் சொன்னதைவிடக் கடினம். அவள் சொல்லிவிடுகிறாள். உதவிக்கு நன்றி சொல்வது வேறு, உதவிக்கு வாழ்க்கையையே கொடுப்பது வேறு என்பதை அவள் பிரித்தறிந்திருந்தாள்.

பேர்ண்டீன்: யாருடைய பெயரில்?

ஜேன் தோண்பீல்டுக்குத் திரும்பும்போது மாளிகை கரிந்த சுவர்களாக நிற்கிறது. பேர்தா வீட்டுக்குத் தீ வைத்து, கூரையிலிருந்து குதித்து இறந்துவிட்டாள். ஜேன் அடிவானத்தைப் பார்த்துச் சுதந்திரத்தை எண்ணிய அதே கூரை. மனைவியைக் காப்பாற்ற முயன்ற றொச்செஸ்ரர் பார்வையையும் ஒரு கையையும் இழந்து, காட்டுக்குள் மறைந்த பேர்ண்டீன் என்ற வீட்டில் இருக்கிறான். பூக்கள் இல்லை, யன்னல்கள் ஒடுக்கமானவை, மழை தூறுகிறது. அழகான இடமல்ல. ஆனால் ஜேன் அங்கே போவது யாருடைய சம்பளத்துக்கும் தயவுக்கும் அல்ல. தன் பணத்தோடு, தன் விருப்பத்தோடு போகிறாள். கண்ணாடியில் தன்னை ஆவியாகக் கண்ட பிள்ளை, இப்போது இன்னொருவருக்குக் கண்ணாகிறாள்.

இந்த முடிவை முழு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. அன்றைய ஆங்கிலச் சட்டப்படி ஒரு பெண் திருமணம் செய்தவுடன் அவளது பணமும் சம்பாத்தியமும் கணவனுக்குச் சேரும். 1870, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள்தான் மணமான பெண்ணுக்குத் தன் சொத்தைத் தானே வைத்திருக்கும் உரிமையை அங்கே கொடுத்தன. நாவல் வெளிவந்து 35 வருடங்களுக்குப் பிறகே அந்த உரிமை முழுமையாயிற்று. ஆக, "நான் சுதந்திரமானவள்" என்று நினைக்கும் ஜேன், திருமணப் பதிவில் கையெழுத்திட்ட கணமே சட்டத்தின் கண்ணில் அந்த 5,000 பவுணையும் இழந்திருப்பாள்.

இது எங்கோ நடந்த பழங்கதை அல்ல. தேசவழமையின் கீழ் வரும் பெண்களுக்கு, 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் காணி வைத்திருக்கும் உரிமையைத் தந்தது. ஆனால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இன்றி மனைவி தன் காணியைக்கூட விற்க முடியாது என்றும் வகுத்தது. கணவன் எங்கே என்று தெரியாத பெண்கள் தம் தாய் கொடுத்த சீதனக் காணிக்காக நீதிமன்றப் படி ஏறவேண்டி வந்ததை இத்துறையில் உள்ள நாம் அனைவரும் அறிவோம். உறுதியில் பெயர் இருப்பது ஒன்று. அந்தப் பெயருக்கு அதிகாரம் இருப்பது இன்னொன்று. இந்த வேறுபாட்டைத்தான் ஜேனின் ஐந்து வீடுகளும் படிப்படியாகக் கற்பிக்கின்றன.

எப்படிப் படிப்பது?

ஒரு கதையில் இடம் என்ன வேலை செய்கிறது என்று அறிய இலக்கியப் பட்டம் தேவையில்லை. மூன்று கேள்விகள் போதும். இந்த வீட்டின் திறப்பு யாரிடம் இருக்கிறது? இந்த யன்னல் எதைப் பார்க்கிறது, அல்லது யன்னலே இல்லையா? இந்தப் பெண் எந்த இடத்தில் நின்று 'இல்லை' என்று சொல்கிறாள்? எந்த நாவலை, எந்தச் சிறுகதையைப் படித்தாலும், தொலைக்காட்சி நாடகம் பார்த்தாலும் இம்மூன்றையும் கேட்டுப் பாருங்கள். கதை தானாகவே திறக்கும்.

உங்கள் ஊரில் நாலைந்து பெண்கள் கூடும் இடம் ஒன்று இருக்குமானால், தையல் வகுப்பாகட்டும், சிக்கனக் கடன் குழுவாகட்டும், மாதத்தில் ஒரு மணித்தியாலத்தைக் கதைக்கென்று ஒதுக்குங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம். பெண்கள் தம் சொந்தத் துயரைப் பேசத் தயங்கும்போது, 176 வருடங்களுக்கும் மேலாகப் பழையதான ஒரு கதையில் வரும் ஜேனைப் பற்றியும் பேர்தாவைப் பற்றியும் தயங்காமல் பேசுகிறார்கள் என்பதை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பேச்சிலிருந்து காணி உறுதியைப் பற்றிய கேள்விக்கும், சட்ட உதவி பெறும் வழிகளுக்கும் வந்து சேர அதிக நேரம் எடுப்பதில்லை.